சீட்டிங்: எழுத்தும் சொல்லும் பொருளும்

பாயிரம்

ஏமாற்றுவதைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவன் நமக்கு அல்வா கொடுக்கலாம், நாமம் போடலாம், மனமிருந்தால் அதையே பட்டை நாமமாகவும் போடலாம். குல்லா மாட்டலாம், மொட்டை அடிக்கலாம், தலையில் மிளகாய் அரைக்கலாம், காதில் பூச்சுற்றலாம், கண்ணில் மண்ணைத் தூவலாம். இவற்றை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வாய், நெற்றி, தலை, காது, கண்: தமிழன் ஏமாறுவது முழுக்க முழுக்கக் கழுத்துக்கு மேலேதான். பணம் இருப்பதோ சட்டைப் பையிலும் சுருக்குப் பையிலும். குற்றம் நடக்கும் இடம் ஒன்று, பொருள் போகும் இடம் வேறொன்று. இந்த முரணுக்கு உரிய இடத்தில் விளக்கம் வரும். அதுவரை வாசகர் பொறுக்க.

இத்தனை வளம் இருந்தும் 'சீட்டிங்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழர் நாவில் குடியேறி, வாடகையும் கொடுக்காமல் காலி செய்யவும் மறுத்து உட்கார்ந்திருக்கிறது. தெருக் கிரிக்கெட்டில் பத்து வயதுப் பையன் 'சீட்டிங்! சீட்டிங்!' என்று கத்துகிறான். காவல் நிலையத்தில் எழுத்தர் 'சீட்டிங் கேஸா, அடிதடியா?' என்று கேட்டுவிட்டுத்தான் பேனா மூடியைக் கழற்றுகிறார். காதலில் தோற்றவன் 'சீட் பண்ணிட்டா மச்சான்' என்று நண்பன் தோளில் சாய்கிறான். ஏலச்சீட்டில் பணம் கட்டிய பெரியம்மா, ஆங்கிலத்தில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர், 'சீட்டிங் பண்ணிட்டாங்கப்பா' என்று முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். அல்வாவும் நாமமும் குல்லாவும் கைவசம் இருக்க, இந்த நால்வரும் எதற்காகக் கடன் வாங்கினார்கள்?

இதுவே இக்கட்டுரை நுதலிய பொருள். இத்துறையில் முன்னோர் ஆய்வு எதுவும் எம் கண்ணில் படவில்லை. எனவே மேற்கோள் காட்டி மறுக்கும் சிரமம் மிச்சம். தொல்காப்பியர் வகுத்த மூவதிகார முறையையே கைக்கொள்கிறோம். அவர் அதிகாரத்துக்கு ஒன்பது இயல் வைத்தார். இதழின் பக்க அளவு கருதி யாம் அவற்றை நீக்கினோம்.

எழுத்ததிகாரம்

தமிழில் 'சீட்' என்று எழுதிக் காட்டினால், அது உட்காரும் இருக்கையா, கூரையில் போடும் தகடா, ஏமாற்று வேலையா என்று எழுத்தை மட்டும் கொண்டு துணிய முடியாது. கிரந்தத்தை ஒப்புக்கொள்வோர் முன்னதை 'ஸீட்' என்றும் நடுவில் உள்ளதை 'ஷீட்' என்றும் எழுதித் தப்பிக்கலாம். கிரந்தம் ஆகாது என்போர்க்கு மூன்றும் ஒன்றே. மருத்துவக் கல்லூரியில் 'சீட்' வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 'சீட்' செய்துவிட்டார் என்னும் செய்தியில், எந்தச் சீட் எந்தச் சீட்டைச் செய்தது என்று நிருபரும் திணறுகிறார், படிப்பவரும் திணறுகிறார். இதைத் தமிழ் எழுத்தின் குறை என்று சிலர் கூறுவர். அது நாட்டு நடப்பு அறியாதார் கூற்று. இருக்கைக்கும் மோசடிக்கும் இடையே வேற்றுமை காட்டாத எழுத்து, சில சேர்க்கைக் காலங்களில் உண்மையையே எழுதுகிறது என்க.

இனி, மெய்யில் முடியும் அயற்சொல்லை அப்படியே விட்டுவைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பஸ் 'பஸ்ஸு' ஆகும், பல்ப் 'பல்பு' ஆகும். அவ்வாறே சீட் 'சீட்டு' ஆனவுடன், அது வன்தொடர்க் குற்றியலுகரம் என்னும் பெருங்குடியில் சேர்ந்துவிடுகிறது. அக்குடியில் சேர்ந்த சொல்லின் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். சீட்டு என்பதும் கம்பெனி என்பதும் சேர்ந்தால் 'சீட்டுக் கம்பெனி' என்று க் மிகும். சீட்டு என்பதும் பணம் என்பதும் சேர்ந்தால் 'சீட்டுப் பணம்' என்று ப் மிகும். பணம் மிகுமா என்பது புணர்ச்சி விதிக்குள் வராத கேள்வி.

இந்தச் 'சீட்டு' என்னும் வடிவத்தில்தான் வம்பு தொடங்குகிறது. ஏனெனில் அந்த வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். துண்டுத் தாள் சீட்டு: மருந்துச் சீட்டு, பயணச் சீட்டு, வாக்குச் சீட்டு. ஆடுவது சீட்டு: ரம்மி முதல் மங்காத்தா வரை. கட்டுவது சீட்டு: ஏலச் சீட்டு, குலுக்கல் சீட்டு, நகைச் சீட்டு, தீபாவளிப் பலகாரச் சீட்டு. கிளி எடுப்பது சீட்டு. தமிழ்நாட்டு அரசு 2003-இல் தடை செய்யும்வரை கடைவாசலில் கொடிபோலத் தொங்கியது லாட்டரிச் சீட்டு. வேலை போனால் கிழிவதும் சீட்டு. இவற்றுள் எதிலாவது பணம் போகாத வகை உண்டா என்று தேடினோம். வாக்குச் சீட்டு ஒன்றில்தான் எதிர்த்திசையில் பணம் வருவதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பற்றித் தேர்தல் ஆணையம் ஆராய்க.

இவை அனைத்தும் கூடும் சந்திப்பு 'மூணு சீட்டு'. திருவிழாக் கூட்டத்திலும் பேருந்து நிலையத்து ஓரத்திலும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, மூன்று சீட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, 'வைய்யி ராஜா வைய்யி' என்பவர் முன்னால் நின்றோர் அறிவர்: அங்கே சீட்டுதான் சீட்டிங், சீட்டிங்தான் சீட்டு. முதலில் வைத்து ஜெயிக்கும் ஆசாமி அவருடைய மைத்துனர் என்பது மட்டும் பிறகுதான் தெரியவரும்.

சொல்லதிகாரம்

ஆங்கில 'சீட்' எங்கே பிறந்தது? அது ஒரு முதற்குறை. 'எஸ்சீட்' என்னும் பழைய சட்டச் சொல்லின் முதல் பகுதி உதிர்ந்து எஞ்சியது. இங்கும் போனது தலைதான் என்பதைக் குறித்துக்கொள்க. இடைக்கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்தவன் வாரிசு இல்லாமல் இறந்தால் அந்த நிலம் மேலுள்ள பிரபுவுக்கோ மன்னருக்கோ போய்ச் சேரும். அதன் பெயர் எஸ்சீட். அதை மன்னருக்காகக் கவனித்தவர் எஸ்சீட்டர். அந்த அதிகாரிகள் வேலை செய்த அழகைப் பார்த்த குடிமக்கள், பதவிப் பெயரைச் சுருக்கி ஏமாற்றுவதற்கே பெயராக வைத்துவிட்டார்கள். ஆக, 'சீட்டிங்' என்பது தெருப் பொறுக்கிகளால் உண்டான சொல் அன்று. வருவாய்த் துறையால் உண்டான சொல்.

இந்தச் சொல்லின் குடும்பம் தமிழ்நாட்டுக்கும் ஒருமுறை வந்து போயிருக்கிறது. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இன்றி இறந்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி, வாரிசு இல்லை என்று சொல்லி அரசை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல் அரண்மனைச் சொத்தின் மேலும் கை வைத்தது. ராணி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசு தன் அதிகாரத்தால் செய்த செயல், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று கைவிரித்தது. சிறியவர் செய்தால் சீட், பெரியவர் செய்தால் எஸ்சீட் என்னும் பாகுபாடு இதனால் விளங்கும்.

இந்த இடத்தில் தமிழ்ப்பற்றுள்ள ஆய்வாளர் ஒருவர் எழுந்து, சீட்டு என்பதிலிருந்தே சீட்டிங் பிறந்தது, சீட்டுக் கட்டி ஏமாந்தவரைப் பார்த்த வெள்ளைக்காரன் அச்சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான் என்று கூறக் கூடும். எமக்கும் அதில் ஆசைதான். சான்றும் இல்லாமல் இல்லை: இலங்கையில் 1935-இல் சீட்டுப் பிடித்தலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தபோது, ஆங்கிலத்தில் வேறு சொல் கிடைக்காமல் தமிழ்ச் சொல்லையே எடுத்து, ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டி, 'சீட்டூஸ் ஆர்டினன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலாந்து உடுப்பு மாட்டிய இந்தக் காட்சி நெஞ்சை நிறைக்கிறது. ஆனாலும் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றிய 1600-க்கு முன்பே ஏமாற்றுதல் என்ற பொருளில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் இருந்தது. ஆகவே கொள்கையை வருத்தத்தோடு கைவிடுகிறோம். ஏமாற்றுவதைப் பற்றிய ஆய்விலேனும் ஏமாற்றாமல் இருக்க வேண்டும்.

சீட்டுப் பிடித்தல் தன்னளவில் நேர்மையான தொழில் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இருபது பேர் மாதம் ஐயாயிரம் கட்டினால் ஒரு லட்சம் சேரும். அவசரக்காரர் ஏலத்தில் தள்ளி எடுப்பார். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் போக மீதி எல்லாருக்கும் பிரியும். வங்கி வாசல் ஏறத் தயங்கியவர்களின் வங்கி அது. 1982-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் அதற்கு வேலி போட்டது. ஆனால் ஆங்கிலத்தில் சீட்டைக் குறிக்கும் 'சிட்' என்ற ஒலிக்கே கெட்ட பெயர் வந்துவிட்டதால், 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது, விரும்பினால் 'சகோதர நிதி' என்னும் பொருள்பட வேறு பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். பங்காளிச் சண்டை பெருத்த நாட்டில் சகோதரன் பெயரால் நம்பிக்கை வளரும் என்று எண்ணியது நாடாளுமன்றத்தின் நல்ல மனம்.

வினையைப் பார்ப்போம். சீட்டுத் தொழிலில் வினைச்சொற்களின் வரிசை மாறாது: ஒருவர் சீட்டுப் பிடிப்பார், பலர் கட்டுவார்கள், சிலர் எடுப்பார்கள், பிடித்தவர் ஒருநாள் ஓடுவார். பிடித்தவரைப் பிடிக்க முடியாமல் போகும் அந்த நாளில்தான் சீட்டு என்ற பெயர்ச்சொல் 'சீட் பண்ணு' என்ற வினையாகிறது. 'பண்ணு' என்னும் துணைவினை தமிழுக்குள் வரும் எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் வாசலில் நின்று மாலை போடுவது. போன் பண்ணு, ட்ரை பண்ணு, சீட் பண்ணு. இதில் இலக்கணச் சிறப்பு ஒன்றும் இல்லை எனின், உண்டு. அதுவே இவ்வாய்வின் உயிர்நிலை.

தமிழில் ஏறு என்றால் ஏற்று, மாறு என்றால் மாற்று, தேறு என்றால் தேற்று. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தானே செய்தால் ஏறுதல், இன்னொருவனைச் செய்ய வைத்தால் ஏற்றுதல். இந்த வாய்பாட்டில் 'ஏமாறு - ஏமாற்று' இணையை வைத்துப் பார்க்க. ஏமாறுதல்தான் அடிப்படை வினை. அதைச் செய்பவர் ஏமாந்தவர். ஏமாற்றியவன் வெறும் ஏவுதற் கருத்தா. வேலை எல்லாம் செய்தவர் பணம் போனவர்தான். ஆங்கிலத்தில் இதற்கு நேர்மாறு: அங்கே சீட் என்பது திருடனின் வினை, ஏமாந்தவர் செயப்பாட்டில் ஓரமாக நிற்பார். தமிழிலும் 'ஏமாற்றப்பட்டேன்' என்று செயப்பாட்டு வினை உண்டு என்பீராயின், அதை மனுவில் பார்க்கலாம், மேடையில் கேட்கலாம். எந்தப் பெரியம்மாவாவது சொல்லிக் கேட்டதுண்டா? அவர் சொல்வது 'ஏமாந்துட்டேன்'. எழுவாய் நான். பயனிலை என்னுடையது. இலக்கண அளவிலேயே அது ஒப்புதல் வாக்குமூலம்.

வாக்குமூலம் கொடுத்தவரைக் கூட்டம் சும்மா விடுமா? 'என்ன சித்தப்பா, படிச்சவர் நீங்க, நீங்களே ஏமாந்தா எப்படி?' என்று அண்ணன் மகன் தொடங்குவான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று மனைவி தொடர்வார். ஏமாற்றியவன் பெயர் அந்தப் பேச்சில் மறுபடி வருவதற்குள் காப்பி ஆறிவிடும்.

பொருளதிகாரம்

பொருளை அகம், புறம் என இரண்டாகப் பகுப்பது மரபு. அகத்தில் சீட்டிங் என்பது காதலன் அல்லது காதலி வாக்குத் தவறுதல். நாளிதழ் மொழியில் இதற்கு 'ஆசை வார்த்தை கூறி' என்னும் அடைமொழி தப்பாது. ஆசை வார்த்தை கூறாமல் யாரேனும் யாரையேனும் காதலித்ததாகப் பழைய இலக்கியத்திலும் காணோம். எனினும் நிருபர்கள் அதைக் குற்றத்தின் கருவியாகவே பதிவு செய்கின்றனர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமணம் செய்வதாகச் சொல்லி உடலுறவு கொள்வதைத் தனிக் குற்றமாகவே வைத்திருப்பதால், இப்பகுதியில் விளையாட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம்.

புறத்தில் முதலாவது விளையாட்டு. தெருக் கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ அவன் அவுட் ஆவதில்லை என்பது எழுதாச் சட்டம். அவன் ஆட்டத்தைச் சென்னைப் பையன்கள் 'போங்கு' என்பார்கள், பிற ஊர்களில் அது 'அழுகுணி ஆட்டம்', யாழ்ப்பாணத்தில் 'அளாப்புதல்'. மூன்றும் அழகிய சொற்கள். இருந்தும் ஸ்டம்பாக நட்ட குச்சி சாயும் கணத்தில் எல்லாத் தெருவிலும் எழுவது 'சீட்டிங்' என்ற கூக்குரலே. தேர்வு அறையில் மட்டும் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஆங்கில நாடுகளில் பார்த்து எழுதுவதே சீட்டிங்கின் தலையாய பொருள். நம் மாணவர் அதைக் 'காப்பி அடித்தல்', 'பிட்டு அடித்தல்' என்று வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்திலிருப்பவன் காட்டியதைப் பார்த்தால் அது நட்பு. அதில் ஏமாந்தவர் யார் என்பது அவர்கள் கேள்வி. விடை அறியும் பொறுப்பு அறைக் கண்காணிப்பாளருக்கு.

இரண்டாவது பேருந்து. ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தல் சீட்டிங் ஆகுமா என்பது சட்டமும் சமூகமும் முட்டும் இடம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 416-ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதைப் பற்றியது. மாறாட்டம் செய்யப்பட்டவர் உண்மையில் இருப்பவரோ கற்பனையோ, இரண்டும் குற்றமே என்று அங்கே விளக்கம் உண்டு. துண்டு, அங்கே இல்லாத ஒரு மனிதராக நடிக்கிறது. 415-ஆம் பிரிவின்படி ஒருவரை ஏமாற்றி, அதனால் அவர் ஒன்றைச் செய்யாமல் விட்டு, உடலுக்கோ மனத்துக்கோ தீங்கு நேர்ந்தாலும் போதும். துண்டை நம்பி உட்காராமல் விட்டவர் திண்டிவனம்வரை நின்றுகொண்டே போனால் முழங்காலுக்குத் தீங்கு. துண்டுக்காரர் கடைசி நிமிடத்தில் பஜ்ஜியோடு ஏறினால் மனத்துக்கும் தீங்கு. வழக்கு வலுவாகவே தெரிகிறது. ஆயினும் அந்தத் துண்டில் ஆள் இல்லை என்பது பேருந்தில் உள்ள அனைவருக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை, அனைவரும் ஒத்துக்கொண்டார்கள். எனவே இது சீட்டிங் அன்று, சீட்டே.

மூன்றாவது பணம். இங்கே சட்டத்தை விரித்துப் பார்ப்பது பயன் தரும். தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலே 1834-இல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கி, பிறகு ஊட்டிக்குப் போய்ச் சில காலம் தங்கியவர். அவர் தலைமையில் 1837-இல் எழுதிய வரைவு, அவர் இறந்த மறு ஆண்டான 1860-இல் சட்டமாகி, 1862-இல் நடப்புக்கு வந்தது. அதில் 'மோசடியாக' என்ற சொல்லுக்கு வரையறை தேடினால், மோசடி செய்யும் எண்ணத்தோடு செய்வது மோசடி, மற்றபடி இல்லை என்ற பொருளில் ஒரு வரி கிடைக்கும். பெரும் ஆய்வாளர்களும் இவ்விடத்தில் களைத்துப் போயிருக்கிறார்கள் என்பது எமக்கு ஆறுதல்.

ஆனால் ஏமாற்றுதலை வரையறுத்த 415-ஆம் பிரிவின் கீழ் வரும் எடுத்துக்காட்டுகள் தனி இலக்கியம். அவற்றில் 'ஏ' என்றொருவர், 'இசட்' என்றொருவர். ஏ எப்போதும் ஏமாற்றுவார். இசட் எப்போதும் ஏமாறுவார். ஏ தான் அரசுப் பணியில் இருப்பதாகப் பொய் சொல்லி இசட்டிடம் கடனுக்குச் சரக்கு வாங்குகிறார். சில நாளில் போலி மாதிரியைக் காட்டி வேறு சரக்கை விற்கிறார். பிறகு வைரம் அல்லாததை வைரம் என்று சொல்லி அடகு வைக்கிறார். அவுரி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறார், அவுரி வருவதில்லை. முன்பே இன்னொருவருக்கு விற்றுவிட்ட நிலத்தை மறுபடி இசட்டுக்கு விற்கிறார். இவ்வளவும் நடந்த பிறகும் அடுத்த எடுத்துக்காட்டில் இசட் அதே நம்பிக்கையோடு வந்து நிற்கிறார். ஆங்கில நெடுங்கணக்கின் கடைசியில் நிற்பதால் செய்தி அவருக்குத் தாமதமாக வந்து சேர்ந்திருக்கலாம் என்பது எம் ஊகம்.

இதைப் படித்தபின் நம் நாளிதழ்களைப் பிரித்தால் ஒரு பெரும் பிழை தெரியும். மோசடிச் செய்தி எதுவாயினும் 'நூதன முறையில்' என்ற சொல் இருக்கும். செய்தவர் 'டிப்டாப் ஆசாமி'யாக இருப்பார். போலீசார் வலைவீசித் தேடுவார்கள். வலை பற்றியும் உடை பற்றியும் எமக்குக் கருத்து இல்லை. 'நூதன' என்பதை மட்டும் வன்மையாக மறுக்கிறோம். சுழல் விளக்கு வைத்த காரில் வரும் போலி அதிகாரி, 1860-இன் அரசுப் பணிக்கார ஏ. அடகுக் கடையில் கவரிங் வளையலைத் தங்கமாக வைப்பவர், வைரக்கார ஏ. ஒரே மனையை இரண்டு பேருக்குப் பத்திரம் செய்து கொடுப்பவர், நிலக்கார ஏ. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஊரையே உலுக்கிய ஈமு கோழித் திட்டங்கள்? அவுரிக்கு இறக்கை முளைத்த கதை. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு தோன்றி, 'உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பணம் பறிப்பவரும் அதே பழைய அரசுப் பணிக்காரர்தான். இப்போது செல்போன் வாங்கியிருக்கிறார். 2014-இல் வந்த 'சதுரங்க வேட்டை' படத்தில் மண்ணுளிப் பாம்பும் இரிடியமும் பார்த்து வியந்தவர்கள், பிரிவு 415-ஐப் படித்திருந்தால் டிக்கெட் காசை மிச்சம் பிடித்திருக்கலாம்.

அந்தச் சட்டத்தின் மிகப் புகழ் பெற்ற பிள்ளை 420. ஏமாற்றிப் பொருளைக் கைமாற்ற வைத்தால் ஏழு ஆண்டுவரை சிறை என்னும் அந்தப் பிரிவு, எண்ணாக இருந்து வசைச்சொல்லாக உயர்ந்தது. ராஜ் கபூர் 1955-இல் அதற்கு 'ஸ்ரீ' என்ற மரியாதை அடையும் சேர்த்துப் படம் எடுத்தார். புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதன் இடம் 318-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. 'சரியான ஃபோர் ட்வென்டிடா அவன்' என்பதில் இருந்த வீச்சு, 'சரியான முந்நூற்றுப் பதினெட்டு உட்பிரிவு நான்குடா அவன்' என்பதில் வருமா? வாயில் நுழைவதற்குள் அவன் அடுத்த ஊர் போய்விடுவான். எண் போனது, 'சீட்டிங் கேஸ்' மட்டும் நின்றது. சட்டம் மாறினாலும் மாறாத சொல் என்ற பெருமை இதனால் அதற்கு உரியதாயிற்று.

தடையும் விடையும்

'ஏமாத்திட்டான்' என்று அவனை எழுவாயாக்கிச் சொல்லும் வழி தமிழிலேயே இருக்க, சீட்டிங் எதற்கு எனின், நல்ல தடை. 'அவன் ஏமாத்திட்டான்' என்று நீர் சொன்ன மறுநொடி, 'அவன் ஏமாத்தினா நீ ஏன் ஏமாந்தே?' என்ற கேள்வி தயாராக வரும். பிறவினைக்குள் தன்வினை ஒளிந்திருப்பதால், கேட்பவர் ஒற்றை எடுத்துவிட்டு உம்மிடமே திருப்பிக் கொடுக்கிறார். 'மோசம் பண்ணிட்டான்' என்றால்? 'நீ ஏன் மோசம் போனே?' உண்டு. அல்வா கொடுத்தான் என்றால், நீ ஏன் வாங்கினாய்? நாமம் போட்டான் என்றால், நீ ஏன் நெற்றியைக் காட்டினாய்? குல்லா மாட்டினான், நீ ஏன் குனிந்தாய்? மிளகாய் அரைத்தான், அதுவரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா?

பாயிரத்தில் விட்டுவைத்த முரண் இங்கே அவிழ்கிறது. நம் மரபுத்தொடர்கள் எல்லாம் தலையைச் சுற்றியே நடப்பதற்குக் காரணம், அவை திருடனைப் பற்றியவை அல்ல. ஏமாந்தவரின் அறிவைப் பற்றியவை. பணம் எங்கிருந்து போனது என்பதில் ஊருக்கு அக்கறை இல்லை. புத்தி எங்கே போனது என்பதுதான் விசாரணை.

இப்போது பெரியம்மாவின் வாக்கியத்தைக் கேளுங்கள். 'சீட்டிங் பண்ணிட்டாங்கப்பா.' இதைத் திருப்பிப் போட முடியுமா? 'அவங்க சீட்டிங் பண்ணா, நீ ஏன்...' என்று தொடங்குபவருக்கு அடுத்த சொல் கிடைப்பதில்லை. 'சீட் ஆனாய்' என்று எவரும் சொல்வதில்லை. பண்ணு என்பதற்கு இங்கே தன்வினை கிடையாது. கேட்பவர் சொல் தேடித் தடுமாறும் அந்தச் சில நொடி, பணமும் போய் மானமும் போக இருந்தவருக்குக் கிடைக்கும் மூச்சு. ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கிலச் சொல்லை எடுத்தது நாகரிகத்துக்கு அன்று. தன் மொழி தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால்.

அவ்வாறாயின் சட்டமும் ஆங்கிலத்தின் பக்கம்தானா எனின், ஆம். திருட்டில் பொருளை அவன் எடுக்கிறான். ஏமாற்றில் நாமே கையில் கொடுக்கிறோம். இருந்தும் 415-ஆம் பிரிவில், ஏமாந்தவர் விவரமானவராக இருக்க வேண்டும், பேராசை இல்லாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றும் இல்லை. இசட்டைப் பார்த்து 'நீ ஏன் ஏமாந்தாய்?' என்று அந்தச் சட்டம் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அத்தனை முறை ஏமாந்தும் கேட்கவில்லை.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: சீட்டிங் என்பது சொற்பஞ்சத்தால் வந்த கடன் அன்று, கேள்விப் பெருக்கத்தால் வந்த கடன். தனித்தமிழ் அன்பர்கள் அதை வெளியேற்ற விரும்பினால், அகராதியில் மாற்றுச் சொல் தேடிப் பயனில்லை. பணம் போனவர் வாசற்படியில் வந்து உட்காரும்போது நாம் கேட்கும் முதல் கேள்வியை மாற்றினால் போதும். அச்சொல் தானாக வெளியேறும். அதுவரை அது தமிழ்ச் சொல்லே எனத் தீர்ப்பளிக்கிறோம்.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சித்தப்பாவோ பெரியம்மாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, 'சீட்டிங் பண்ணிட்டாங்க' என்று வந்து நின்றால் காரணம் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். போன் வழியாகவோ இணையம் வழியாகவோ பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசச் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும். சீட்டு, டெபாசிட் என்று நிறுவனத்தில் கட்டியது போயிருந்தால், ரசீதுகளை எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குக் கூடவே போங்கள். 'ஏன் ஏமாந்தீங்க?' என்பதைப் பிறகு எப்போதாவது கேட்டுக்கொள்ளலாம். கேட்காமலே விட்டாலும் ஆய்வுலகுக்கு நட்டம் இல்லை.